எல்லைக்கல்லில் ஒரு சிவப்பு முட்டை

முயல் முட்டை போடாது என்பது எனக்குத் தெரியும். ஜெபஷீலா டீச்சருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கொடுத்த தாளில் ஒரு முயல், கூடை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே பன்னிரண்டு கேள்விகள். முட்டை எங்கே இருக்கிறது? கூடைக்குள்ளா, கூடைக்கு மேலா, கூடைக்குப் பின்னாலா? கோடிட்ட இடத்தை இங்கிலீஷில் நிரப்ப வேண்டும்.

"டீச்சர், இது யாரு முட்டை?" என்று கேட்டேன்.

"கோழி முட்டைதான், மாரீஸ்வரி."

"கோழி முட்டைய முயலு எதுக்குத் தூக்கிட்டுத் திரியுது?"

"ஒளிச்சு வைக்கும். பிள்ளைக தேடிப் பிடிக்கும். வெள்ளைக்கார நாட்டுல ஈஸ்டருக்கு அப்படி விளையாடுவாகளாம்."

"உங்க சர்ச்சுலயும் உண்டா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "எங்க சபையில ஈஸ்டர்னா விடியக்காலம் நாலு மணிக்கு ஆராதனை. அப்புறம் கல்லறைத் தோட்டம். அப்புறம் மட்டன் பிரியாணி. முட்டைக்கு வேலையே பிரியாணிக்குள்ளதான்."

முப்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு இந்த முயலோடு சகவாசம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் தங்கபாண்டிக்கு முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல். அதில் வருவது கைக்கும் வாய்க்குமே சரியாகப் போனதால், மூன்று வருடமாக நான் குமுளிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் வேலைக்குப் போகிறேன். அறை கூட்டி, துடைத்து, விரிப்பு மாற்றி, கக்கூஸ் கழுவும் வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. ஊரார் தேனிலவு கொண்டாடிவிட்டுப் போன கட்டிலைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு கழன்றுவிட்டது.

இந்த வருடம் அங்கே சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. ஈஸ்டருக்குத் தங்க வருகிற விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு ஒன்று நடத்துவார்கள். அதை யார் இங்கிலீஷில் நடத்திக் காட்டுகிறாரோ அவருக்கே அந்த இடம் என்று மேனேஜர் கிறிஸ்டோபர் சார் சொல்லிவிட்டார். அவர் மலையாளி. பேசும் தமிழ் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும்.

"மாரீஸ்வரி, சனியாழ்ச்ச நாலு மணிக்கு வரணும். நாலுன்னா நாலு. வைகினா கொச்சியில இருந்து வேற ஆள் வரும், கேட்டோ" என்றார்.

கேட்டேன். கேட்ட நாளிலிருந்து வாரம் மூன்று நாள் கம்பத்தில் ஜெபஷீலா டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் இம்மானுவேல் கீழே மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். கீழே மோட்டார் உறுமும், மேலே நான் உறுமுவேன். வீட்டில் மட்டும் மகளிர் குழுக் கூட்டம் என்று சொல்லி வைத்திருந்தேன். "வாரத்துக்கு மூணு கூட்டமா? பார்லிமெண்ட்டே அம்புட்டு நாள் கூடுறதில்லையே" என்று தங்கபாண்டி ஒரு நாள் கேட்டார். நாட்டு நிலைமை அப்படி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒளித்ததற்குக் காரணம் நாகஜோதி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. வீடும் பக்கத்து வீடு, பந்தலும் பக்கத்துப் பந்தல். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு எல்லைக்கல். மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ரிசார்ட் வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மலை ஏறினோம். என்னை எடுத்துக்கொண்டார்கள், அவளை எடுக்கவில்லை. வெளியே வந்தவள், "கக்கூஸ் கழுவுற பொழப்பு நமக்கு எதுக்கு" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சரி, கௌரவம் பார்க்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். நான் இங்கிலீஷ் படித்துத் தோற்றேன் என்று தெரிந்தால் அவள் ஒருத்தி சிரிக்கும் சிரிப்பு சுருளி அருவி வரைக்கும் கேட்கும். தெருவே அதற்குப் பின்பாட்டுப் பாடும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் டீச்சர் கடைசி வீட்டுப்பாடம் கொடுத்தார். பன்னிரண்டு முட்டையை அவித்து, சாயம் பூசி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதி, தோட்டத்தில் ஒளித்து வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுக்கும் முன்னால் முட்டை எங்கே இருக்கிறது என்று சத்தமாக இங்கிலீஷில் சொல்ல வேண்டும். "கையில பொருள் இருந்தா வாயில வார்த்தை வரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவித்தேன். சாயத்துக்கு எங்கே போவது? மஞ்சள்தூள் இருந்தது, குங்குமம் இருந்தது, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இருந்தது. நாலு முட்டை மஞ்சள், நாலு சிவப்பு, நாலு நீலம். மேலே கண்மையால் எழுத்து. மஞ்சளும் குங்குமமும் பூசிய முட்டையைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் எங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு என் மண்டையில் இங்கிலீஷ் ஏறியிருந்தது, அந்த அளவுக்குத் தமிழ் இறங்கியிருந்தது.

கல்தூணுக்கு மேல் ஒன்று, மோட்டாருக்குப் பின்னால் ஒன்று, மருந்தடிக்கும் டிரம்முக்குள் ஒன்று, துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். கடைசி முட்டையில் 'பிட்வீன்' என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் என்று அர்த்தம். என் பந்தலுக்கும் நாகஜோதி பந்தலுக்கும் நடுவில், எல்லைக்கல் தலையில் அதை வைத்தேன். நல்ல சிவப்பு முட்டை.

வைத்து முடிக்கவும் மும்முனைக் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. தண்ணீர் பாய்ச்சத் தங்கபாண்டி மண்வெட்டியோடு வந்துவிட்டார். மறுநாள் எனக்குக் காலை வேலை இல்லை, விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நழுவி வந்துவிட்டேன்.

விடிந்தது. ஆனால் என்னை எழுப்பியது நாகஜோதியின் அலறல்.

போய்ப் பார்த்தால் எல்லைக்கல்லைச் சுற்றித் தெருவே நிற்கிறது. நாகஜோதி மூன்று முழம் தள்ளி நின்று மாரில் அடித்துக்கொள்கிறாள்.

"பௌர்ணமி கழிஞ்சு மறுநாளாப் பார்த்து வச்சிருக்காகளே! எங் குடும்பத்தக் கெடுக்க செய்வினை வச்சுட்டாகளே!"

"மேல ஏதோ எழுத்து இருக்கு. மலையாள எழுத்தா?" என்றது ஒரு குரல். செய்வினையில் மலையாள வேலைக்கு எங்கள் பக்கம் மரியாதை அதிகம்.

நாகஜோதியின் மகள் சுபாஸ்ரீ தேனியில் கல்லூரி இரண்டாம் வருடம். அவள் குனிந்து பார்த்தாள். "இங்கிலீஷும்மா. பிட்வீன்னு போட்டிருக்கு. ரெண்டு பேருக்கு நடுவுலன்னு அர்த்தம்."

"ஐயோ! எனக்கும் எம் புருசனுக்கும் நடுவுல வச்சிருக்காக! அதான் அந்த மனுசன் எர்ணாகுளத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயி நாலு நாளா ஆளக் காணோம்!"

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் இங்கிலீஷ் கதை முழுவதும் வெளியே வரும். நாலு மணிப் பரீட்சையில் நான் தோற்றுவிட்டால், இந்தக் கூட்டம் முழுவதும் என்னை ஆயுசுக்கும் முட்டை என்றே கூப்பிடும். ஒரு நாள் பொறுத்துக்கொள்வோம், வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டேன். தங்கபாண்டி வேறு என் பக்கத்தில் வந்து, "அந்தப் பக்கம் போகாத மாரி, காத்து பட்டுரும்" என்று என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்குக் குற்ற உணர்ச்சியில் காது சூடாகிவிட்டது.

கோடாங்கிக்கு ஆள் போனது. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் ஒச்சாண்டிதான் எங்கள் பக்கத்துக் கோடாங்கி. காலையில் போன் போட்ட ஆள் பன்னிரண்டு மணிக்குத்தான் மொபெட்டில் வந்து இறங்கினார். கடமலைக்குண்டில் ஒரு கேஸ் முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். வக்கீல் மாதிரிதான் பேசுவார்.

முட்டையைச் சுற்றி வந்தார். குனிந்து மோந்து பார்த்தார். "எழுத்து?" என்றார்.

"இங்கிலீஷ்" என்றாள் சுபாஸ்ரீ.

"இங்கிலீஷ்ல கூடவா செய்வினை வைக்கிறாக?" என்று தங்கபாண்டி கேட்டார்.

ஒச்சாண்டி அசரவே இல்லை. "கேரளாவுல எல்லாரும் படிச்ச ஆளுகப்பா. அவுக இப்ப இங்கிலீஷ்லதான் வைக்கிறாக."

கூட்டம் தலையாட்டியது. அடுத்து உடுக்கை முழங்கியது. அவர் கண்ணை மூடி, உடம்பை முறுக்கி, "இது இங்கன உள்ள வேல இல்ல. மலைக்கு மேல இருந்து எறங்குன வேல" என்றார். தெருவில் தினமும் மலைக்கு மேலே போய் இறங்குவது நான் ஒருத்திதான். நாற்பது ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"பொழுது அடையறப்ப கழிப்புக் கழிக்கணும்" என்றார் ஒச்சாண்டி. "அதுவரைக்கும் ரெண்டு வீட்டு ஆளுகளும் தெருவத் தாண்டக் கூடாது. தாண்டுன ஆளுதான் வச்ச ஆளு."

மணி ஒன்றரை. இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கம்பத்தில் மாறி நாலு மணிக்கு மேலே போக முடியும். தெருவைத் தாண்டினால் நான் குற்றவாளி. தாண்டாவிட்டால் கொச்சிக்காரி சூப்பர்வைசர். மூன்று மாதம் மோட்டார் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்திப் படித்தது இதற்குத்தானா? திங்கட்கிழமை மறுபடியும் அதே பதினான்கு கட்டில், பதினான்கு கக்கூஸ். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த முட்டைய வச்சது நாந்தேன்" என்றேன்.

உடுக்கை நின்றது.

"பாத்தீகளா! பாத்தீகளா!" என்று நாகஜோதி குதித்தாள்.

"எதுக்கு வச்ச?" என்றார் தங்கபாண்டி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இங்கிலீஷ் படிக்க."

கொலை செய்யத்தான் வைத்தேன் என்றிருந்தால் நம்பியிருப்பார்கள். இதை ஒருவரும் நம்பவில்லை. ஈஸ்டரைச் சொன்னேன், முயலைச் சொன்னேன், அது மேலும் மோசமாகப் போனது. முயல் முட்டை என்றதும் ஒச்சாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப மகளிர் குழு?" என்று மெதுவாகக் கேட்டார் தங்கபாண்டி.

"குழு இல்ல. டீச்சர் வீட்டுல இலக்கணம் படிச்சேன்."

"மூணு மாசமா பொய்யா சொன்ன?"

"பொய்தான். அடிக்கிறதுன்னா நாலு மணிக்கு மேல அடிங்க. இன்னும் பதினோரு முட்டை இருக்கு, வாங்க காட்டுறேன்."

ஒன்றுக்கே ஊர் கூடியிருந்தது. பதினொன்று என்றதும் முன்வரிசையில் நின்றவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். நான் எங்கள் பந்தலுக்குள் நடந்தேன். பயம் ஒரு பக்கம், வேடிக்கை ஒரு பக்கம். கூட்டம் எட்டு முழம் விட்டுப் பின்னாலேயே வந்தது.

முதல் கல்தூண். டீச்சர் முன்னால் பேசுவது வேறு, தெரு முன்னால் பேசுவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு, "தி எக் இஸ் ஆன் தி பில்லர்" என்று சொல்லிவிட்டு மேலே கையை விட்டேன். மஞ்சள் முட்டை வந்தது. உடைத்து, உரித்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டேன். செய்வினையை யாராவது அவித்துத் தின்பார்களா?

"தி எக் இஸ் பிஹைண்ட் தி மோட்டார்." நீல முட்டை.

"தி எக் இஸ் இன் தி டிரம்." சிவப்பு.

நாலாவது முட்டையில் கூட்டம் எட்டு முழத்திலிருந்து இரண்டு முழத்துக்கு வந்துவிட்டது. ஆறாவது முட்டையில், "அடுத்து எங்கன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தங்கபாண்டி நான் எடுத்துக் கொடுக்கும் முட்டைகளைத் துண்டில் வாங்கிக்கொண்டு, "மூணு மாசத்துல படிச்சது" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டார். ஒச்சாண்டியும் கூடவே வந்தார். ஒவ்வொரு முட்டை வெளியே வரும்போதும் பழக்கதோஷத்தில் அவர் கை உடுக்கையில் ஒரு தட்டுத் தட்டியது. ஜெபஷீலா டீச்சர் வகுப்பில்கூட இவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

ஒன்பதாவது, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல். "தி எக் இஸ் அண்டர் தி ஸ்டோன்" என்று கணீரென்று சொன்னேன். கையை விட்டேன். முட்டை உருண்டு உள்ளே போயிருந்தது, எட்டவில்லை. தங்கபாண்டி துண்டைத் தோளில் முடிந்துகொண்டு கல்லை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

முட்டை இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. கறுத்துச் சுருங்கிக் கோலிக்குண்டு அளவுக்கு ஆகிப்போன ஒரு எலுமிச்சம்பழம். அதில் துருப்பிடித்த ஏழு ஊசி. கூடவே நூல் சுற்றிய ஒரு செப்புத் தகடு.

கூட்டத்தில் யாரோ, பாடம் நடக்கிற நினைப்பிலேயே, "இதுக்கு இங்கிலீஷ்ல என்னத்தா?" என்று கேட்டுவிட்டார்.

என் வாயும் அதே நினைப்பில்தான் இருந்தது. "தி லெமன் இஸ் அண்டர் தி ஸ்டோன்" என்றேன்.

ஒச்சாண்டியின் கை மட்டும் இந்த முறை உடுக்கையைத் தட்டவில்லை. தகட்டில் சுற்றியிருந்த நூல் கறுப்பும் பச்சையும் முறுக்கிய நைலான். ஊரில் பாதிப் பேர் இடுப்பிலும் கையிலும் அந்த நூல்தான் இருக்கிறது. கட்டிவிட்டவர் ஒச்சாண்டி. தங்கபாண்டி நூலைப் பிரித்துத் தகட்டை வெயிலில் காட்டி வாசித்தார். "மாரீஸ்வரி மலை ஏறக் கூடாது. ஏறினாலும் நிலைக்கக் கூடாது."

எல்லோரும் ஒச்சாண்டியைப் பார்த்தார்கள். தொழில் ரகசியம் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தொழில் தெரியாதே, அது நேராக நாகஜோதி மேல் போய் நின்றது.

நாகஜோதி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருடம் அந்தக் கல்லில் நான் துணி துவைத்திருக்கிறேன். என் இடுப்பு வலிக்கு இதுதான் காரணமோ என்று ஒரு நொடி தோன்றியது. இல்லை, அது கட்டில் தூக்கி வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, அவள் கொண்டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்றுதான் வந்தது. ஒரு முட்டைக்கு மாரில் அடித்துக்கொண்டாளே, திருடிக்குத்தான் திருட்டுப் பயம் அதிகம்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"எனக்கும் ரூம் நம்பர் வாசிக்கத் தெரியும்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு அந்த ஆளு இங்கிலீஷ்ல கேக்கவும் நாக்கு மேல ஒட்டிக்கிருச்சு. கக்கூஸ் கழுவுற வேலன்னு நாந்தேன் சொன்னேன். வேணும்னுதான் இருந்துச்சு. நீ தெனம் பவுடரப் போட்டுக்கிட்டு அஞ்சரை பஸ்ஸுக்குப் போவ. நான் வாசத் தெளிச்சுக்கிட்டே பாப்பேன்."

சுபாஸ்ரீ, "அம்மா, எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் எழவில்லை. நான் மணியைப் பார்த்தேன். இரண்டு நாற்பது. பஸ் போய் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. தங்கபாண்டியின் வண்டி மூன்று நாளாக மெக்கானிக் கடையில் கிடக்கிறது.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாகஜோதி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். சந்தைக்குத் திராட்சை கொண்டுபோகும் அவளுடைய ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

"ஏறு" என்றாள்.

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"ஏறுன்னா ஏறு. நீ இன்னைக்குப் போகாம நின்னா, நான் வச்சது பலிச்சதா ஆயிரும்."

ஏறினேன். தெருவைத் தாண்டும்போது ஒச்சாண்டியைப் பார்த்தேன். அவர் அவசரமாக மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்.

கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் வந்தோம். மலைப்பாதை ஆரம்பித்ததும் ஸ்கூட்டர் முனக ஆரம்பித்தது. கேரள ஜீப்புகள் காதோரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மூன்றாவது வளைவில் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"ரெண்டு சேவல் குடுத்தேன்டி அவனுக்கு. ரெண்டும் சண்டச் சேவல்."

"அப்படியும் நான் மூணு வருசமா மலை ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதான் சொல்றேன். நல்லா ஏமாத்திட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன்னால் அவள் முதுகும் குலுங்கியது. வளைவில் வண்டி ஆடியது. "அக்கா, ரோட்டப் பாரு" என்று கத்தினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன் என்பது அடுத்த வளைவில்தான் எனக்கே தெரிந்தது.

நாலு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ரிசார்ட் வாசலில் இறங்கினேன். அவள் வெளியே வண்டியோடு நின்றுகொண்டாள்.

பரீட்சையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கிறிஸ்டோபர் சார் புல்வெளியில் பத்துப் பிளாஸ்டிக் முட்டையைக் கொடுத்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றன. ஒளித்தேன். வழி சொன்னேன். தெரு முழுவதும் உடுக்கையோடு பின்னால் வர இங்கிலீஷ் பேசிவிட்டு வந்தவளுக்கு, மேனேஜரும் இரண்டு குழந்தைகளும் எம்மாத்திரம்? பத்து முட்டையும் கிடைத்தது. ஒரு இடத்தில்கூட நாக்கு ஒட்டவில்லை.

"கொள்ளாம்" என்றார் கிறிஸ்டோபர் சார். மலையாளத்தில் அது பாராட்டு. ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு, "நாளைக்கு நீதான் நடத்தணும். திங்கள் முதல் சூப்பர்வைசர்" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். டீச்சரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் ஃபைலை மூடிவிட்டு நிமிர்ந்தார். "பழைய வேலைக்கு ஆள் வேணுமே. யாராவது அறியாமோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், நல்லெண்ணத்தில் யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் அந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்திருக்கும். வாய் முந்திக்கொண்டது. "யெஸ் சார். ஷீ இஸ் அவுட்சைட்."

நாகஜோதியை உள்ளே கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். மூன்று வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம், அதே மேசை. கிறிஸ்டோபர் சாருக்கு அவளை ஞாபகமில்லை. வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார்.

"டூ யூ நோ இங்கிலீஷ்?"

அவள் முந்தானை நுனியை முறுக்கினாள். நெற்றியில் வேர்வை. நாக்கு மேலே போய் ஒட்டுவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. சற்று முன்னால் இவள் கொண்டையைப் பிடித்துச் சுற்ற நினைத்தவள் நான். இப்போது ஏதாவது சொல்லு, எதையாவது சொல்லு அக்கா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

நாகஜோதி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டினாள். கண்ணை மூடினாள்.

"தி லெமன் இஸ் அண்டர் தி ஸ்டோன்" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கிறிஸ்டோபர் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன லெமன்?"

மூன்று மாதம் படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கோ ஓடிப்போனது. "ஓல்டு லெமன், சார்" என்றேன். "இப்ப அங்கன ஒண்ணும் இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஆமா சார். எடுத்தாச்சு."